திங்கட்கிழமைத் தண்ணீர்

பீங்கான் பேசினில் இருந்த தண்ணீரை மேபெல் முற்றத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனாள். இது இரண்டாவது தடவை.

உள்ளே கட்டிலில் அவள் அம்மா ஹானா கிடந்தாள். காலையில் மேபெல் முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது யாரையும் கூப்பிடாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தத் தெருவில் யார் செத்தாலும் குளிப்பாட்ட வருகிற டாட்டர்சல் அம்மாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

ஹானா பஞ்சாலையில் தறி ஓட்டியவள். இளவயதில் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரம் முழுக்க நீச்சலில் அவளை ஜெயிக்க ஆளில்லை. லண்டன் வரை போய்க் கோப்பை வாங்கிவந்தாள். ஆனால் பழகியதெல்லாம் நகராட்சி நீச்சல் குளத்தின் சனிக்கிழமைத் தண்ணீரில். வாரம் ஒருமுறைதான் தண்ணீர் மாற்றுவார்கள். திங்களன்று பளிங்குபோல இருக்கும், கட்டணமும் அதிகம். சனிக்கிழமைக்குள் ஊர் அழுக்கெல்லாம் இறங்கிவிடும், கட்டணமும் இறங்கிவிடும். ஆலைப் பெண்களுக்கு அதுதான் வாய்த்தது.

"என் காலே எனக்குத் தெரியாதுடி அந்தத் தண்ணில" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரே ஒரு திங்கட்கிழமை அந்தக் குளத்தில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. கூட்டிப்போகிறேன் என்று மேபெல் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் திங்கள் துணி துவைக்கிற நாள். அன்று கொடியில் துணி தொங்காத வீட்டைத் தெரு சும்மா விடுமா? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பாழாய்ப்போன துணி! இன்றும் திங்கள்தான்.

அம்மாவின் அகன்ற தோள்களை மேபெல் தானே துடைத்தாள். சோப்பில் தண்ணீர் இலேசாக வெளுத்ததும் பேசினைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"போதும் கண்ணு. உங்கம்மா சுத்தமாத்தான் இருக்கா" என்றாள் டாட்டர்சல் அம்மாள்.

"தண்ணி கலங்கிருச்சு."

"போனவளுக்கு அது தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுதே."

டாட்டர்சல் அம்மாள் பேசினை வாங்கிக்கொண்டு, கொடியில் தொங்கிய ஈரப் போர்வைகளை விலக்கியபடி, தானே குழாயடிக்குப் போனாள்.

புதுத் தண்ணீர் வந்ததும் மேபெல் அம்மாவின் கையை அதில் மெல்ல இறக்கினாள். விரல்களுக்குக் கீழே, பேசின் அடியில் தீட்டியிருந்த நீலப் பூ இதழ் இதழாகத் தெரிந்தது.