பூட்டில்லாத சாவி

ஞானையன் வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் மடியில் ஓர் இரும்புச் சாவியைச் செருகிக்கொள்வார். அதற்குப் பூட்டு கிடையாது. மகன் டைட்டஸுக்கு வலிப்பு வந்தால் உள்ளங்கையில் திணிக்கத்தான் அது. சின்ன வயதிலிருந்தே, ஈ காக்காவுக்கும் தெரியாமல், கதவைச் சாத்தி வைத்து அந்த வலிப்பை மறைத்து வந்தார்கள்.

கொல்லம் ஆண்டு 1107, கன்னிப்பூ நெல் நடவு சமயம். மடை திறக்கப் போன டைட்டஸ் வயலில் விழுந்தான். அதைப் பார்த்தவர் இல்லை. தள்ளாடி எழுந்தவன், தாங்கிப் பிடிக்க வந்த கூட்டாளி ஜெபகனியை மண்வெட்டியால் அடித்துக் கொன்றதைப் பார்த்தவர்கள் உண்டு. தெளிந்ததும், "ஜெபகனிய எவம்ல அடிச்சது?" என்று கேட்டு அவனே அழுதான்.

கோர்ட்டில் டாக்டர் விளக்கிச் சொன்னார். வலிப்பு நின்றாலும் மூளை தெளியக் கொஞ்ச நேரமாகும். அதுவரை கை செய்வது மனசுக்குத் தெரியாது. இவன் நாக்கில் பழைய கடித் தழும்புகள் இருக்கின்றன. முன்பும் வலிப்பு வந்ததா என்று வீட்டாரைக் கேளுங்கள்.

மகள் ராஜபாய்க்குக் வேதக்கோயிலில் கல்யாண அறிக்கை மூன்று ஞாயிறில் ஒரு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். "டாக்டருக்க வாய்ச்சொல்லே போரும். நீரு வாயத் தொறந்தா ராஜபாய எவன் கெட்டுவான்?" என்று மனைவி தாணம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஞானையன் வேதபுத்தகத்தைத் தொட்டார். "எங்க வீட்டுல அப்பிடியொரு சீக்கே கெடையாது, எஜமானே."

டைட்டஸ் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

தீர்ப்பு நாளில், ஜீவபரியந்தம், ஆயுசு முழுக்க ஜெயில் என்று வாசித்ததும் டைட்டஸ் வலிப்பு வந்து கூண்டுக்குள் சரிந்தான். ஞானையன் யோசிக்கவில்லை. ஓடிப்போய்ச் சாவியை மகன் கையில் திணித்தார்.

சர்க்கார் வக்கீல் சிரித்தார். "தண்டனையக் கேட்டதும் வலிப்பு. சாவிகூட தயாரா கொண்டாந்திருக்காரு."

"அண்ணைக்கு நான் பொய் சொன்னேன், எஜமானே."

"வேதத்தைத் தொட்டுச் சொன்னதை நம்பவா, இதை நம்பவா?" என்றார் ஜட்ஜி.

மேல்கோர்ட்டும் தகப்பனின் முதல் வார்த்தையைத்தான் எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டாரோ கூண்டில் வலிப்பு வந்த அன்றைக்கே வேறு பெண் பார்க்கப் போய்விட்டார்கள்.

"உனக்காவத்தான் மக்களே அப்பிடிச் சொன்னேன்" என்றார் ஞானையன் மகளிடம்.

ராஜபாய் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளாப்பா? டாக்டரு எவ்வளவு படிச்சு என்ன, வீட்டுக்காரங்களே சீக்க மறச்சா? சீக்குன்னா மருந்து உண்டு, இரக்கப்பட ஆளும் உண்டு. நாம மானம்னு சொல்லி மறச்சோம் பாருங்க, அதுதான் அண்ணன ஜெயிலுக்கு அனுப்பிச்சு."