இழை ஓட்டிய கூறை

“தீப்பட்ட சேலையில யாராச்சும் தாலி கட்டுவாங்களா…”

“ஓட்டைய அடைச்சிட்டேன் அத்தை…”

“அடைச்சிட்டா அபசகுனம் போயிருமா?”

குருபோங் ஊர்க் கல்யாண மண்டபத்தின் அலங்கார அறையில், மாப்பிள்ளையின் அத்தை லோகாம்பாள் கூறைச்சேலையைப் பிடித்து இழுத்தார். அதைக் கட்டியிருந்த மணப்பெண் தேவிஸ்ரீ விடவில்லை. காலையில் அவள் அம்மா இஸ்திரி போடும்போது முந்தானையைச் சுட்டுவிட்டார். அதே சேலையின் ஓரத்திலிருந்து உருவிய பட்டு நூலால், தேவிஸ்ரீயே அந்த இடத்தில் இழை ஓட்டியிருந்தாள். அம்மா மூலையில் அழுதுகொண்டிருந்தார்.

“டவுன்ல வேற வாங்கியாறச் சொல்றேன். இத தூக்கிப் போடு.”

“போட்டா, எங்கம்மா கைராசி சரியில்லன்னு காலம் பூரா சொல்லுவீங்க லா.”

“சொல்லத்தான் செய்வோம்!”

இழை ஓட்டிய இடம் எல்லோருக்கும் தெரியும்படி மடித்து, தேவிஸ்ரீ முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இதோடதான் மேடைக்கு வர்றேன். வேணாம்னா, மாப்பிள்ளையே வந்து எங்கிட்டச் சொல்லட்டும்.”