வாயை மூடிக்கொண்ட பேச்சு

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில், வண்டியோட்டும் டிலுக்ஷிக்கு இடம் கொடுப்பதா என்று சாரதிகள் சங்கம் இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் மாட்டோம் என்றது. அவள் பேச்சில் குறையில்லை. நியாயங்களை மூச்சுவிடாமல் அடுக்கியிருந்தாள். கூட்டத்தில் போனில் பதிவுசெய்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. செயலாளர் கிறிஸ்தோபர் அதிகம் பேசவே இல்லை. "இது பொம்பள செய்யுற வேலையா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார், அவ்வளவுதான். அந்த மௌனம் தாங்காமல் உளறிக்கொட்டித் தோற்றது இவள்தான்.

இன்று மூன்றாவது கூட்டம். டிலுக்ஷி எழுந்தாள். சபைக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இங்க பன்னெண்டு வண்டி நிக்குது. ஒங்க மக ஷெனாலிய டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வர யாருக்குப் போன் பண்றீங்கண்ணே?"

எல்லாத் தலைகளும் கிறிஸ்தோபர் பக்கம் திரும்பின. அவர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. பேனாவை மூடினார், திறந்தார். டிலுக்ஷிக்கு 'தப்பா எடுக்காதீங்கண்ணே' என்பது தொண்டைவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெளியே கண்டி பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஒனக்குத்தான்," என்றார் கிறிஸ்தோபர், மேசையைப் பார்த்தபடி.

"அப்ப எங்கள நம்பலயா?" என்று பின்வரிசையிலிருந்து சாரதி றெக்சன் எகிறினான்.

டிலுக்ஷி உட்கார்ந்தாள். அது அவளைக் கேட்ட கேள்வி இல்லையே.