டிரைவர் எப்படி இருக்கிறார்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதற்கும் ஓர் உத்தியோகம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு அவள் அதைத்தான் செய்து வந்தாள். சோதனைக்காகப் புது மருந்தை ஏற்றிக்கொண்டவர்கள் வீட்டுக்குப் போன பிறகு எவ்வளவு காலம் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே மருந்தின் யோக்கியதை தெரியும்? நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் போன் அக்கா.

உயிரோடு இருக்கிறாரா என்று மூஞ்சிக்கு நேரே கேட்டுவிட முடியாது. "எப்படி இருக்காரும்மா?" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நாளாக ஆக ஒவ்வொரு வீட்டிலும் பதிலுக்கு ஒரு மௌனம் வரும். அதிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிடும். கணையத்தில் வருகிற புற்றுநோய். மருந்து புதிது என்பதற்காக நோய் இரக்கம் காட்டிவிடாது.

ஒரு பஸ் டிரைவரின் வீடு மட்டும்தான் விதிவிலக்கு. "அவருக்கென்ன கண்ணு, குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. சாப்பாட்டுல உப்பு இல்லன்னு காலைல ஒரே சண்ட" என்பாள் அவர் மனைவி. இன்னொரு தடவை, "ஜன்னல்ல நின்னுக்கிட்டு, போற பஸ்ஸ எல்லாம் பாத்து, இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்னு திட்டறாரு." அவரிடம் கொடுங்கள் என்றால், இப்போதுதான் கண் அசந்தார் என்பாள். ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டர் டிரைவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

இந்தச் சந்தோஷத்தை அவள் தன்னோடு வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நோயாளியைப் பற்றி இன்னொரு நோயாளியிடம் மூச்சு விடக்கூடாது என்பது அந்த வேலையின் அரிச்சுவடி. ஆனால் மருந்தேற்றிக்கொள்ள வந்த டைலர் ஒருவர் அழுத அன்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அதே நோய், அதே மருந்து. மருந்தின் வேகத்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று அந்த மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். "இதே மருந்து போட்டுக்கிட்ட ஒரு டிரைவர், வீட்டுல உப்பு இல்லன்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து டைலர் மருந்தேற்றிக்கொள்ள வரும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். "நம்ம டிரைவர் எப்படி இருக்காரு?" கடைசியாகக் கேட்ட சண்டையை அவள் சொல்வாள். டைலர் சிரித்துவிட்டு ஊசிக்குக் கையை நீட்டுவார்.

ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அவரு போயிட்டாருன்னா எங்கிட்ட மறைக்காதீங்க. இந்த மருந்து ஏறினா ஒரு வாரத்துக்கு எம் பொண்ணு பக்கத்துல வந்தாக்கூடக் குமட்டுது. ஆகாதுன்னு தெரிஞ்சுட்டா நான் வீட்டுக்குப் போயிடறேன். மிச்சம் இருக்கற நாள அவகூட இருந்துட்டுப் போறேன்."

"கண்டிப்பா சொல்றேங்க" என்று வாக்குக் கொடுத்தாள்.

அப்புறம் பெரிய டாக்டருக்கு டிரைவரின் ரத்தம் வேண்டியிருந்தது. மருந்து அவருக்கு மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசை. மனைவியோ பிடிகொடுக்கவே இல்லை. ஊருக்குப் போயிருக்கிறார், குளிக்கிறார், தூங்குகிறார் என்று நழுவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் போன் அக்காவே ரத்தம் எடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மாடி வீடு. வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி, தூசு தட்டி வைத்திருந்தது. கதவைத் திறந்த அம்மாள் அவள் பேசிய மறுகணமே, "போன் பண்ற பொண்ணா? வா கண்ணு" என்றாள்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி சாலையைப் பார்த்துக் கிடந்தது. அதில் யாரும் இல்லை.

"ஐயா வெளில போயிருக்காராம்மா?"

அம்மாள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருகிட்ட ரத்தம் எடுக்கணும்னா ரொம்ப லேட்டா வந்துட்ட கண்ணு. நீ முதல் தடவ போன் பண்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

அவள் பெட்டியைத் தரையில் வைத்தாள். "அப்ப அந்தச் சண்டையெல்லாம்?"

"எல்லாம் அவரு எப்பவோ போட்டதுதான். கொஞ்சம் நானா சேத்துக்கிட்டேன்." அம்மாள் நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள். "பையன் போன் பண்ணா, சாப்பிட்டியாம்மான்னு கேப்பான். அவரு பேச்ச எடுத்தா, விடும்மாங்கறான். நீ ஒருத்திதான் அவரு எப்படி இருக்காருன்னு கேட்ட. இல்லன்னு சொல்ல வாய் வரல. நல்லா இருக்காருன்னு வந்துடுச்சு. சொன்னதும், அன்னைக்குப் பூரா அவரு வீட்டுல இருந்த மாதிரியே இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. உங்களை நம்பி அங்கே ஒருத்தர் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறார் என்று கத்த வாயெடுத்தாள். ஆனால் டைலரிடம் போய்ச் சொல்லச் சொன்னது இந்த அம்மாளா? செத்த தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

"இனிமே போன் பண்ண மாட்டல்ல?" என்றாள் அம்மாள்.

"செத்தவங்க வீட்டுக்குப் பண்றதில்லம்மா."

"ஒரே ஒரு தடவ?"

அவள் படியிறங்கிவிட்டாள். கீழே வந்து, போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

விஷயத்தைக் கேட்டதும் பெரிய டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப முதல் வரிசையில மருந்து போட்டுக்கிட்டவங்கள்ல ஒருத்தர்கூட மிஞ்சலயா?" என்றார். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

மறுநாள் டைலருக்கு மருந்து நாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை வார்த்தை வார்த்தையாக வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். டைலர் சாய்வு நாற்காலியில் அரை ஆளாகக் கிடந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்.

"பாப்பா இந்த வாரம் ஸ்கூல்ல ஆடறாக்கா. அப்பா வரணும்னு ஒரே அடம். இன்னைக்கு மருந்து ஏறிட்டா எங்க போறது? அடுத்த வருஷம் முன்வரிசைல வந்து உக்காருவேன்டான்னு சொல்லிட்டேன். முழுசா ஒத்துக்கல, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய்ப்புண் உரசியிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார். "அது கிடக்கட்டும். நம்ம டிரைவர் எப்படி இருக்காரு?"

இப்போது சொன்னால் எழுந்து போய்விடுவார். மகள் ஆடுவதைப் பார்ப்பார். சொல்வதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள்.

"அவருக்கென்ன" என்று வந்தது வாயில். "நேத்து நேர்லயே போய்ப் பாத்தேன். ஜன்னலோரமா நாற்காலியப் போட்டுக்கிட்டு, போற வர்ற பஸ்ஸையெல்லாம் திட்டிக்கிட்டிருக்காரு."

"திட்டட்டும், திட்டட்டும்" என்றார் டைலர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நர்ஸ் பக்கம் கையை நீட்டினார்.