ஆறு நோன்பு முடியட்டும்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது பக்கத்து வளவு சுஹறா றாத்தாதான். "உனக்குத்தான் எழுத வருமே புள்ள, எழுது. ஆனா என்ன மௌத்தாக்கிப் போடாத" என்றாள், கதையில் சாகடித்துவிடுவேனோ என்று.

முதல் வரி: 'கல்முனைக் கடலில் அன்று அலைகள்...'

வேண்டாம். அலைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அவள் கடற்கரைப் பக்கம் போயே வருஷக்கணக்காகிறது.

2

மறுபடியும். சுஹறாவுக்கு அறுபது நெருங்குகிறது. மார்பில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்தாயிற்று. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பு கொஞ்சம் ஹோர்மோன் சுரக்குமாம். அவளுக்கு வந்தது அதைத் தின்று வளர்கிற சாதி. அதை அடக்கத் தினம் ஒரு குளிசை, ஐந்து வருஷத்துக்கு. (இந்த இடம் கிளினிக் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், இது தெரியாமல் மற்றது விளங்காது.)

குளிசை குடிக்கத் தொடங்கிய பிறகு மூட்டெல்லாம் இறுகிப்போனது. விடியும்போது விரல் மடங்காது. முழங்காலை மடிக்க ஏலாது. கதிரையில் உட்கார்ந்துதான் தொழுதாள்.

நோன்பு வரப்போகிறது. நோன்பு இரவுகளில் தறாவீஹ் தொழ எங்கள் ஒழுங்கைப் பெண்களெல்லாம் ஒரு வீட்டில் கூடுவார்கள். அதற்கு முந்தின மாதமே, ஒருவருக்கும் சொல்லாமல், குளிசையை நிறுத்திவிட்டாள். பாதி நோன்பில் முழங்கால் இளகியது. சுஜூதில் நெற்றி பாயில் பட்டது. அப்படியே கிடந்து அழுதாளாம்.

3

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. இது பக்தியா, இல்லை கதிரையைப் பார்த்து நாலு பேர் என்ன வருத்தம், என்ன நோய் என்று விசாரிப்பார்கள் என்ற கூச்சமா? கேட்டே விட்டேன்.)

"கதிரையில இருந்தாலும் தொழுகை கூடும்தானே றாத்தா?"

"கூடும். எனக்குத் தெரியாதா? சுஜூதுல கிடக்கக்குள்ள மட்டும்தான் புள்ள நான் வருத்தக்காரி இல்ல."

பிறகு, "அவளுகள் துருவித் துருவிக் கேக்கிறதும் புடிக்கல்ல" என்றாள். இரண்டையுமே எழுதிவைக்கிறேன்.

பெருநாள் போனது. அதை அடுத்துப் பிடிக்கிற ஆறு நாள் உபரி நோன்பைக் காட்டி, "ஆறு நோன்பு முடியட்டும், குடிக்கன்" என்றாள். அதுவும் முடிந்தது. "ஹஜ்ஜுப் பெருநாள் வரட்டும்." மகள் அப்னாவுக்கோ, உம்மா நன்றாக நடக்கிறா என்று ஒரே சந்தோஷம். குளிசைதான் சுகம் தந்தது என்று நினைக்கிறாள், பாவம்.

4

ஒரு முடிவு: ஒளித்துவைத்த குளிசைகளை அப்னா கண்டுபிடித்து... (வெட்டிவிட்டேன். மகளைக் காட்டித் தாயை மிரட்ட எனக்கு மனமில்லை.)

இன்னொன்று: சுஹறா டொக்டரிடம் உள்ளதைச் சொல்கிறாள். அவர் வேறு குளிசை மாற்றித் தருகிறார். நோவு குறைகிறது.

இதைத்தான் எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாரிக்கி" என்றாள். "உன்ட கதையில வாறவ கெட்டிக்காரி, போய்ச் சொல்லிட்டா. எனக்கு வாய் வரல்லியே."

"நான் கூட வாறன் றாத்தா."

"வந்து? வேற குளிசை தருவாங்க. அதுவும் காலப் புடிச்சிட்டா?"

அவளைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

5

வருகிற செவ்வாய் கிளினிக். ஓட்டோ பேசிவைத்திருக்கிறேன். வாசிக்கிற நீங்கள் விரும்பினால் அவளை அதில் ஏற்றிவிடுங்கள், கதையில் ஏறிவிடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிஜ றாத்தா, வருகிறேன் என்று எனக்கு இன்னும் ஓம் சொல்லவில்லை.