கரையில் ஆள் இல்லாத விளையாட்டு

"கரையில நிக்கிற ஆளுக்கு என்னங்க வேலை?"

"விளக்கைத் திருப்பணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். தோணியில இருக்கறவனைச் சுத்தி ஒரே இருட்டு. பாறை எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. கரையில இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கமா அவன் தோணிய விடணும்."

"வாயத் தொறந்து சொல்லிட்டா ஆச்சு. அதுக்கு எதுக்கு விளக்கு?"

"பேச முடியாது. எழுதவும் முடியாது. அதான் விளையாட்டே."

"நல்லா இருக்கே! வீட்டுப் பெரியவங்கதான் பேசக்கூடாதுங்கறாங்கன்னா, நீங்க செய்யற விளையாட்டுலயுமா?"

தௌஃபீக் சிரித்தான். "அவங்களாலதான் இந்த யோசனையே வந்துச்சு."

"அப்ப நானே கரையில நிக்கிறேன். நீங்க பாறையில மோதறத நல்லா பாக்கலாம்."

ஆறு வருடத்துக்கு முந்தைய பேச்சு அது. ஷிஃபாவுக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. அப்போது அவர்களுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. நிக்காஹ்வுக்கு எட்டு மாதம் இருந்தது. "அதுவரைக்கும் போன் பேச்செல்லாம் வேணாம்" என்று ஷிஃபாவின் வாப்பா சொல்லிவிட்டார். காரைக்காலில் அவர்கள் வீட்டுக்குத் தௌஃபீக்கின் தங்கை நௌஷின் வரும் நாட்களில், "அண்ணி, உங்களுக்குத்தான்" என்று தன் போனைக் கையில் திணித்துவிட்டு அடுப்படிப் பக்கம் காவலுக்கு நிற்பாள். அந்தச் சில நிமிடங்கள்தான் பேச்சு.

மற்ற நாட்களில் விளையாட்டு. தௌஃபீக் பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் மொபைல் கேம் வடிவமைக்கிற வேலையில் இருந்தான். இந்தத் தோணி விளையாட்டை அவனே தனியாக எழுதி அவள் போனுக்கு அனுப்பினான். அவனுக்கு மதிய இடைவேளை, அவளுக்கு லுஹர் தொழுது முடித்த நேரம். அவன் திரையில் இருட்டுக் கடலும் ஒரு தோணியும் இருக்கும். அவள் திரையில் முழுக் கடலும், கரையில் முக்காடு போட்ட ஒரு பெண்ணும், அவள் பக்கத்தில் ஒரு பெரிய விளக்கும் இருக்கும். விளக்கை இரண்டு தரம் இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஸலாம் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். அவளைச் சிரிக்க வைக்க அவன் வேண்டுமென்றே போய்ப் பாறையில் மோதுவான்.

"என்னம்மா எந்நேரமும் போன்ல?" என்று வாப்பா ஒருநாள் கேட்டார்.

"கேம் வாப்பா."

பொய் இல்லை. வாப்பாவும் அதோடு விட்டுவிட்டார்.

அவனுக்கு எதிலும் அவசரம் என்பதையும், மோதிய பிறகு கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான் என்பதையும் ஒரு வார்த்தை பேசாமலே அவள் தெரிந்துகொண்டாள். நிக்காஹ் அன்று அவன் முகத்தை அருகில் பார்த்தபோது, ரொம்ப நாள் பழகிய ஆளைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

நிக்காஹ் முடிந்து திருமலைராயன்பட்டினத்தில் அவன் வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது வாரம் அவன் பெங்களூர் கிளம்பினான். "வீடு பாத்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். வீடு பார்ப்பதற்குள் அவன் உம்மா கமர் நிஷாவுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்துவிட்டது. தினமும் கழுவிக் கட்ட வேண்டும். மாமனார் இல்லாத வீடு. அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருந்த நௌஷின், "உம்மா கால நான் கட்ட மாட்டேனா? எங்க வீட்ல வச்சிக்கறேன், அண்ணி போகட்டுமே" என்று ஒருமுறை சொன்னாள். யாரும் அதைத் தொடர்ந்து பேசவில்லை. ஷிஃபாவும் பேசவில்லை. காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போய்க்கொண்டிருந்தாள், அதையும் விட்டாள். புண் ஆறியது, மறுபடி வந்தது. "இன்னும் கொஞ்ச நாள்" என்பது ஐந்து வருடம் ஆனது.

என்னையும் கூட்டிட்டுப் போங்க. இந்த ஒரு வரிதான் அவளிடம் இருந்தது. அவன் வரும் ஒவ்வொரு தடவையும் அதைத் தயாராக வைத்திருப்பாள். அவன் திரும்பிப் போகும் அன்று, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவில் இருந்து பையை இறக்கும்போது நாக்கு நுனிவரை வரும். "உடம்பப் பாத்துக்கங்க மச்சான்" என்று வேறு வரி வெளியே வரும்.

அவன் வந்த நாட்களில் எல்லாம் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்வான். கம்பெனி அதை எடுத்துக்கொண்டிருந்தது. முதல் தடவை வந்தபோது, "கரையில இருக்கறவங்களுக்குப் பொழுது போகலையாம்" என்றான். அதனால் கரையில் நண்டுகள் விட்டார்கள். அவற்றை விரட்ட வேண்டும். அடுத்த தடவை நண்டு போய், கரைக்காரி கருவாடு காயவைத்து விற்றாள்.

"கருவாடா? விளக்க யாரு பாத்துக்கறது?" என்று ஷிஃபா கேட்டாள்.

"விளக்கு தானா திரும்பும்."

"அப்ப அவ எதுக்கு அங்க நிக்கிறா? மார்க்கெட்டுக்கே போயிடலாமே."

"அதையேதான் எங்க மேனேஜரும் கேட்டாரு" என்றான். ஆபீசில் அந்தப் பெண்ணுக்குக் 'கரை அக்கா' என்று பேர் வைத்திருந்தார்களாம்.

அதற்கு அடுத்த முறை கரை அக்கா இல்லை. ஒரே ஆள் விளையாடுகிற விளையாட்டாக ஆகிவிட்டது. தோணி வேகமாக ஓடும், பாறையைத் தாண்டிக் குதிக்கும், தங்கக் காசு பொறுக்கும்.

அது வெளிவந்த வாரத்தில்தான் ஷிஃபாவுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் மாமி கமர் நிஷாதான் கூட இருந்தார். கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே கஞ்சி எடுத்து வந்து, ஊட்டும்போது இவளைவிட அதிகமாக அழுதார். "நான் கிளம்பி வரவா?" என்று தௌஃபீக் போனில் கேட்டான். "வேணாம் மச்சான். வேலைய முடிச்சிட்டே வாங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அவன் முடித்துவிட்டு வந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். "உன்ன மாதிரி ஒருத்தி கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்" என்றான். அப்போதும் அந்த வரி உள்ளேயே கிடந்தது.

இந்த வெள்ளிக்கிழமை அவன் சிரித்த முகமாக வந்திறங்கினான். விளையாட்டைப் பத்து லட்சம் பேர் போனில் இறக்கிக்கொண்டார்களாம். மாமிக்குப் பத்து லட்சம் என்பது புரிந்தது, மற்றது புரியவில்லை. "ஒவ்வொருத்தரும் எவ்வளவு குடுத்தாங்க?" என்றார்.

"இலவசம் உம்மா."

"இலவசமா? உன் வாப்பா இருந்தா வெளுத்திருப்பாரு" என்றார். இருந்தாலும் இனிப்புக்கு வட்டலப்பம் செய்யச் சொன்னார். ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பாட்டுக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள் தௌஃபீக்கைப் பாராட்டினார்கள். மாமி இடைமறித்தார்.

"அவன் எங்க வேணா போயி எதையாவது செய்யலாம். வீட்ட நம்பி விட்டுட்டுப் போக ஒரு மனுஷி வேணும்ல? எம் மருமவ ஒரு நாளு மூஞ்சத் தூக்கினதில்ல. இந்தப் பொறுமை யாருக்கு வரும்?"

"எம் மருமவளும் இருக்காளே" என்று ஒரு பெண் பெருமூச்சு விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ஷிஃபா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒவ்வொரு தடவை இதைக் கேட்கும்போதும் வாயில் இன்னொரு பூட்டு விழுவது போல இருக்கும்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கடல் காற்றில் புடவைகள் விறைத்துக் காய்ந்திருந்தன. தௌஃபீக் போனோடு மேலே வந்தான்.

"ஊரே விளையாடுது, நீ இன்னும் விளையாடல."

"கை ஈரம்."

"துடைச்சிட்டு வா."

வாங்கி விளையாடினாள். தோணி பாய்ந்தது. காசு கலகலவென்று விழுந்தது. நடுவில் ஒரு ஷாம்பு விளம்பரம் வந்துவிட்டுப் போனது. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கரையும், அதன்மேல் ஒரு விளக்குத் தூணும் தெரிந்தன. விரலால் தொட்டுப் பார்த்தாள். அது அசையவில்லை.

"இது?"

"சும்மா படம். வரைஞ்சது இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

"அந்தப் பொண்ண ஏன் மச்சான் எடுத்தீங்க? நீங்க ஆசையா செஞ்சது அதைத்தானே?"

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு விளையாடச் சொன்னோம் ஷிஃபா. தோணிக்கு அடிச்சுக்கிட்டு வந்தாங்க. கரைக்கு உக்காந்தவங்க கொஞ்ச நேரத்துல போனை வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. எத்தனையோ பேர மாத்திப் பாத்தோம். ஒருத்தரும் நிக்கல."

"நான் நின்னேனே?"

"அதான் வம்பே." அவன் சிரித்தான். "உன்ன வச்சுத்தான் நான் முடிவு பண்ணேன். எட்டு மாசம் அலுக்காம நின்னியா, சரி, விளையாட்டு நல்லா இருக்குன்னு நினைச்சிட்டேன். கடைசில பாத்தா நல்லா இருந்தது விளையாட்டு இல்ல, உன் பொறுமை. 'வீட்டுக்காரிய வச்சு டெஸ்ட் பண்ணாதடா'ன்னு ஆபீஸ்ல இன்னும் ஓட்டறானுங்க."

அன்பாகத்தான் சொன்னான். அவள் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான். "உம்மாட்ட இன்னும் சொல்லல. சிங்கப்பூர் ஆபீசுக்கு ரெண்டு வருஷம் போகச் சொல்றாங்க. அடுத்த மாசம்."

"ரெண்டு வருஷமா?"

"சட்டுனு ஓடிடும். குடும்பத்தோடயா, தனியாவான்னு கேட்டாங்க. தனியான்னு சொல்லிட்டேன்."

"எப்ப கேட்டாங்க?"

"திங்கக்கிழமை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே மச்சான்."

"உங்கிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நீ இருந்துப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் முகத்தில் துளிக் கள்ளமும் இல்லை. ஐந்து வருடமாக அவள் நன்றாக இருக்கிறாள் என்று நம்பியே இவன் போய் வந்திருக்கிறான். ஆபீசில் அத்தனை பேர் எழுந்து போன பிறகுதான் விளையாட்டின் குறை இவனுக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் எழுந்து போக வேறு யாரும் இல்லை. அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்ததும் அவள்தான்.

"எனக்கும் அலுத்துச்சு" என்றாள்.

"எது?"

"கரையில நின்னது. முதல் வாரமே அலுத்துப் போச்சு. விளக்கைத் திருப்பிக்கிட்டே இருக்கறதுல என்ன இருக்கு?"

"நிஜமாவா? ஒரு தடவகூட நீ சொல்லலையே."

"தோணியில நீங்க இருந்தீங்க. நான் வச்சிட்டுப் போயிட்டா நீங்க மோதிடுவீங்கன்னு நின்னேன். அந்த விளையாட்டு நல்லா இருந்துச்சா இல்லையான்னு நான் யோசிச்சதே இல்ல."

தௌஃபீக் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது.

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப வர வேணாம்னு சொன்னேன்ல?" என்றாள். "வந்துடுவீங்கன்னு நினைச்சுத்தான் அப்படிச் சொன்னேன். வெளிய வண்டி சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சு உக்காந்தேன். மாமி, 'படும்மா, படும்மா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீங்க வரல."

"நீ நல்லா இருக்கேன்னு சொன்னியே ஷிஃபா…"

"சொன்னேன். எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றேன்."

அவன் கொஞ்ச நேரம் அசையாமல் அப்படியே நின்றான். கொடியில் மீதமிருந்த துணிகள் காற்றில் படபடத்தன.

கீழே இருந்து மாமியின் குரல் கேட்டது. "ஷிஃபா! ஆளுங்க கிளம்பறாங்க பாரு. ஒரு டீ போட்டுத் தாம்மா!"

"இந்தா வர்றேன் மாமி" என்பது வழக்கமாகத் தானாக வரும். படியை நோக்கிக் காலும் தானாகப் போகும். இன்று போகவில்லை. கையிலிருந்த துணிகளைச் சுவரின் மேல் வைத்தாள். மாமி இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"ஷிஃபா, உம்மா கூப்பிடறாங்க" என்றான் தௌஃபீக். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கேட்டுச்சு மச்சான். மாமி கால நௌஷின் பாத்துக்கறேன்னு எப்பவோ சொல்லிட்டா. நான்தான் வாயத் தொறக்கல." அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை நிறுத்தினாள். "தனியான்னு சொன்னத மாத்திச் சொல்லுங்க. என்னால இனிமே இருக்க முடியாது. என்னையும் கூட்டிட்டுப் போங்க."