நாலு மரத்துக்கு ஒரு சரம்

மகேந்திரன் அடுத்த வருஷக் கிறிஸ்மஸைப் பார்க்கமாட்டார் என்று ஈப்போ டாக்டர் கைவிரித்துவிட்டார். வருஷா வருஷம் கேரல் குழுவுக்கு முன்னால் நின்று பாடிய மனிதர், இப்போது கட்டிலோடு கிடந்தார். அவர் மனைவி சரளாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நம் வாசலில் அவர்கள் வந்து பாடுவதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

செமோருக்கு அப்பால், அந்தப் பழைய தோட்டத்தில் ஆள் இருந்த லயத்து வீடு அவர்களுடையது மட்டும்தான். போன வருஷம் அவர் கூடப் போக முடியாததால், எண்ணெய் எடுக்கும் செம்பனைகளின் இருட்டில் வழி தெரியாமல் கேரல் வேன் திரும்பிப் போய்விட்டது. இந்தத் தடவை பெரிய ரோட்டிலிருந்து பிரியும் சிம்பாங்கில் விளக்கு தெரிந்தால்தான் உள்ளே திரும்புவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். சரளா ரோஷக்காரி. பெரிய ரோட்டிலிருந்து வாசல்வரை விளக்குப் போட்டே காட்டுகிறேன் என்று கிளம்பினாள்.

எத்தனை விளக்குச் சரம் வாங்குவது? சிம்பாங்கிலிருந்து மரங்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்பது மரம். நாலு மரத்துக்கு ஒரு சரம், ஆகப் பத்து. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? கடைக்காரர் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாள், மகராசி.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் சாயங்காலம், கரண்டு வீட்டில்தானே இருக்கிறது என்று வாசலிலிருந்து கட்டிக்கொண்டு போனாள். பத்துச் சரமும் பதினாலாவது மரத்திலேயே தீர்ந்துபோனது. நாலு மரக் கணக்கு பால் மரத்துக்கானது என்று அப்போதுதான் உறைத்தது. பால் மரம் நெருக்கி நிற்கும். செம்பனை பெரிய மனுஷன் மாதிரி அகல உட்கார்ந்திருக்கும். ரப்பரை அழித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் தலைக்குள் மட்டும் அது அப்படியே நின்றது.

செம்பனைக்குள் போனில் லைன் பிடிக்காது. டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு சிம்பாங்கை நோக்கி ஓடினாள். பாதி வழியில் கிட்டார் சத்தம் கேட்டது. தொண்டை கிழியக் கத்தினாள். வேன் வெளிச்சம் ரோட்டோடு நேராகப் போய் மறைந்தது. பாவி, ஒரு மரத்தை அளந்து பார்த்திருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வீடு திரும்பியபோது, அவள் போட்டுவிட்ட வெள்ளைச் சட்டையில், தலையணையில் சாய்ந்தபடி அவர் காத்திருந்தார்.

"வந்துட்டாங்களா, புள்ள?"

"வாராங்க. வெளக்கு தெரிஞ்சிருச்சில்ல."

பொய் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. வெளியே போய், அவர்கள் வந்தால் எங்கே நிற்பார்களோ அங்கே நின்று பாட ஆரம்பித்தாள். கோயிலில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பவள் அவள்.

முதல் பாட்டு முடிந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒரு ஆளு சத்தந்தான் கேக்குது."

"மத்தவங்க பின்னால வாராங்க."

இன்னொரு பாட்டை எடுத்தாள். குரல் உடைந்தது.

"சுதி ஏறிப்போச்சு லா," என்றார் மகேந்திரன். "எறக்கிப் பாடு, சரளா."

அவள் இறக்கிப் பாடினாள்.